காலியாக வந்த பாட்டில்

பெரிய வெள்ளி, காலை பத்து நாற்பது.

சமையல் மேடையில் முப்பத்தாறு பாட்டில்கள் நிரம்பி நின்றன. மயோனைஸ் பாட்டில், ஆலிவ் பாட்டில், காபித்தூள் பாட்டில். ஒரு வருடமாகக் கழுவி, லேபிளைச் சுரண்டி, கட்டிலுக்கடியில் சுனில்தா சேர்த்தவை.

“நான் செத்தா என்னையும் கழுவி மூடி போட்டு வெச்சிருவா” என்று அவள் கணவன் திர்சோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

பானையில் இனிப்புப் பயறு. சிவப்புப் பயற்றை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளித் துண்டும் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சியது. தவக்காலத்தில் பானி ஊரில் இதைக் காய்ச்சாத வீடு கிடையாது. எல்லா வீட்டிலும் இருப்பதை எல்லா வீட்டுக்கும் அனுப்புவார்கள்.

பாட்டில் ஒரு வாரத்துக்குள் திரும்பி வரும். வெறுமனே வராது. ஒரு கைப்பிடி முந்திரி, கொஞ்சம் காபிக்கொட்டை, எதுவுமில்லாத வீடு என்றால் நாலு மிட்டாய்.

போன வருடம் எர்சிலியா வீட்டிலிருந்து வந்த பாட்டில் காலியாக வந்தது.

கழுவி, துடைத்து, மூடி போட்டு, காலியாக.

அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி அனுப்பாதே.

“ஒண்ணுமே சொல்லலியா அவ?” என்று பாட்டிலைக் கொண்டுவந்த திர்சோவிடம் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல.”

முப்பது வருடப் பழக்கம். மகனுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் எர்சிலியாதான். ஆனாலும் சுனில்தா போய் ஏன் என்று கேட்கவில்லை. கோயிலில் இடம் மாறி உட்கார்ந்தாள். அடுத்த வாரம் எர்சிலியாவும் இடம் மாறி உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க சுனில்தா அவளைத் திட்டும்போதெல்லாம் “பாவம், விடு, நல்லவதான்” என்றது திர்சோ ஒருவன்தான்.

மே மாதம் மகனுக்குக் கல்யாணம். நேற்று தலைநகரிலிருந்து போன் செய்தான்.

“நீயாச்சு, அவங்களாச்சு. ஆனா ஞானம்மா வராம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்.”

சுனில்தா முப்பத்தேழாவது பாட்டிலை எடுத்தாள். இருப்பதிலேயே பெரியது. நிரப்பி, மேலே சின்னச் சின்னப் பால் பிஸ்கட்டுகளை அடுக்கினாள்.

“அது யாருக்கு?” என்றான் திர்சோ.

“எர்சிலியாவுக்கு.”

அவன் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தான். நிறுத்தினான்.

“கரண்டிய வை. டாக்டர் என்ன சொன்னாரு உங்கிட்ட?”

“கரண்டில ஒட்டினதெல்லாம் சர்க்கரைக் கணக்குல வராது” என்றான். கரண்டியை வைத்தான். “குடு, நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்.”

பாட்டில்களைக் கொண்டுபோவதும் வாங்கி வருவதும் எப்போதும் அவன் வேலைதான்.

“வேணாம். நானே போறேன்.”

“நீயா?”

“நானேதான். மூஞ்சியப் பாத்துக் கேக்கப் போறேன். நான் உனக்கு என்னடி செஞ்சேன்னு.”

“இந்த வெயில்லயா?”

“நீ போனா மட்டும் வழியெல்லாம் நிழலா?”

“பெரிய வெள்ளி அதுவுமா சண்டைக்குப் போறது பாவம்டி.”

“ஆண்டவர் மன்னிப்பாரு.”

“நாளைக்குப் போலாமே.”

“நாளைக்குப் புளிச்சுப் போயிடும். தள்ளு.”

அவள் செருப்பை மாட்டினாள். அவனும் பின்னாலேயே வந்தான். முட்டி வலிக்கிறது என்றான். பூங்கா பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்காரலாம் என்றான். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு போகலாம் என்றான். அவள் பாட்டிலை இடுப்பில் அணைத்தபடி நடந்துகொண்டே இருந்தாள்.

பூங்காவுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வீடு. நீலக் கதவு.

எர்சிலியா திறந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். சுனில்தாவைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த கேள்வியைக் கேட்க சுனில்தா வாயைத் திறந்தாள்.

எர்சிலியா முந்திக்கொண்டாள்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஏன்டி, கசப்பு போக மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவெச்சு, பாகு காய்ச்சி, வாழ்க்கையில மொத மொதல்ல செஞ்சேன் அந்த ஆரஞ்சுத்தோல் இனிப்பு. எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வெச்சுக்கல. உன் பாட்டில்ல கழுத்து வரைக்கும் அடைச்சு உன் புருஷன் கையில குடுத்தேன். நல்லாருக்கு, நல்லால்ல, ஒரு வார்த்த சொன்னியா நீ?”

சுனில்தா பாட்டிலைப் படியில் வைத்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

எர்சிலியாவும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பின்னால் யாரும் இல்லை. திர்சோ தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்தான். பூட்டிக் கிடந்த மருந்துக் கடையின் பெயர்ப் பலகையை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

முதலில் சிரித்தது யார் என்பதில் இரண்டு பேருக்கும் பிற்பாடு ஒத்துப்போகவில்லை. சுனில்தா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். எர்சிலியா சுனில்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு எர்சிலியா கண்ணைத் துடைத்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

“திர்சோ! அந்தத் தோல்ல கசப்பு போயிருந்துச்சா?”