வலை கட்டிய பட்டி

தெருநாய்கள் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் குதறிய பிறகு, வரிச்சிக்குடி தேவிகா கிளிஞ்சல்மேட்டிலிருந்து பழைய மீன்வலை வாங்கிவந்து ஆட்டுப்பட்டியைச் சுற்றிக் கட்டினாள். வெளிப்பக்கம் போட்ட முடிச்சு தினமும் காலையில் அப்படியே இருந்தது. உள்ளே ஆறு ஆடுகளும் இருந்தன. கட்டிவைத்த தழை மட்டும் தொடாமல் வாடிக்கிடந்தது. ஆனாலும் ஆடுகள் கொழுத்தன.

தெருவில் ஒன்பது நாய்கள் இருந்தன. ஐந்தாயின. பிறகு ஒன்று.

“நாய்த் தொல்லை விட்டுச்சுல்ல, அப்பறம் என்ன?” என்றான் கணவன் நவநீதன்.

அன்று பொழுது சாயும்போது கடைசி நாய் வீட்டுக்குள் ஓடிவந்து தேவிகாவின் காலடியில் ஒண்டி நடுங்கியது. விரட்டக் கம்பை எடுத்தவள் வாசலைப் பார்த்தாள். மேயப்போன ஆறு ஆடுகளும் பட்டிக்குப் போகாமல், நாயையே பார்த்தபடி படியோரம் வரிசையாக நின்றன.

“என்னங்க, போயி அடைச்சிட்டு வாங்க.”

ஆடுகளைப் பார்த்த நவநீதன் எழுந்திருக்கவில்லை.

முதல் ஆடு நிதானமாகப் படியேறியது.