பொட்டு வைத்த சுவிட்ச்

“தனியா இருக்கப் பயமா இருக்குமா?”

பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இல்லை என்று தலையாட்டினாள். அமெரிக்காவில் நாலு வருஷமாகத் தானும் தனியாகத்தான் இருப்பதாகச் சொன்னான். வாடகை வீடென்றாலும் புது வீடு, முதலில் குடிபோனதே தன் பையன்தான் என்று அவன் அம்மா பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

இப்போது அதே வீட்டில் பகல் பதினொரு மணி. சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை.

முருங்கைக்காய்ச் சக்கை. சிங்க்கின் அடியில் மிச்சம் மீதியை அரைக்கும் இயந்திரத்துக்கு நார் ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனது.

மாடியறையில் வேலையாக இருந்த அவனிடம் கீழே நின்றபடியே சொன்னாள்.

“சுவிட்ச அணைச்சுட்டுக் கைய உள்ள விட்டு எடு. ஒண்ணும் ஆகாது.”

சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று விளக்குக்கு. மற்றது இயந்திரத்துக்கு. ஊரில் கீழே தட்டினால் எரியும், இங்கே மேலே. வந்த வாரமே மாற்றித் தட்டி அலறியிருக்கிறாள். அதனால் இயந்திரத்தின் சுவிட்சில் தன் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தாள். அவனுக்கும் காட்டினாள். சிரித்தான்.

பொட்டு வைத்ததை அணைத்தாள்.

வாளி எடுக்க சிங்க்கின் அடிக்கதவைத் திறந்து குந்தினாள். கதவின் உட்புறம் வீட்டுக்காரர் ஒட்டிய ஆங்கில அறிவிப்பு. எலும்பு போடாதே. விரல் விடாதே.

அதற்கும் கீழே, பென்சிலில், குண்டு குண்டாகத் தமிழ் எழுத்து.

சுவிட்சை நம்பாதே. பிரேக்கரை அணை.

அவன் கையெழுத்து இப்படி இருக்காது.

எழுந்து வீட்டு நடைக்குப் போனாள். மின்பெட்டியைத் திறந்து, அந்த இயந்திரத்துக்கு மின்சாரமே போகாமல் துண்டிக்கும் பிரேக்கரை அணைத்தாள். சத்தம் வராமல் மூடினாள்.

தண்ணீரை மொண்டு ஊற்றினாள். இடுக்கியால் நாரை இழுத்தாள். கொத்தாக வந்தது. கடைசியில் ஏதோ ஒன்று மட்டும் பிடிபடாமல் நழுவியது.

வளையலை மேலே ஏற்றிவிட்டுக் கையை விட்டாள்.

மெட்டி.

ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. விரல் நுனியிலேயே தெரிந்தது.

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவள் மெட்டி இரண்டும் விரல்களிலேயே இருந்தன.

இந்த வீட்டுப் படிகளில் கம்பளம். யார் இறங்கி வந்தாலும் கேட்காது.

முதுகுக்குப் பின்னால் டக்கென்றது.

கை உள்ளேயே இருந்தது.

எதுவும் ஓடவில்லை.

திரும்பினாள். அவன் நின்றிருந்தான். ஜன்னல் நிறைய வெயில். விளக்கு சுவிட்ச் இருந்தபடியே இருந்தது. பொட்டு மேலே ஏறியிருந்தது. அவன் விரல் இன்னும் அதன் மேல்.

அவள் கையை எடுத்தாள். விரித்துக் காட்டினாள்.

அவன் மெட்டியைப் பார்த்தான். பிறகு சிங்க்கின் அடியில் திறந்து கிடந்த கதவைப் பார்த்தான்.

அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருப்பவன் போல நின்றான்.

மெட்டியோடு ஈரக் கையை மூடிக்கொண்டு அவனைக் கடந்து நடந்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள். வெளியே இறங்கினாள்.

தனியாகப் போவது போல இல்லை.