நடை வேகத்தில் ஒரு வேன்

“பின்னாடி நிக்கிறவங்க குலுங்கவே கூடாது, பாய். அதுக்கு எந்த சஸ்பென்ஷன் சரியா வரும்னு நீங்களே சொல்லுங்க.”

அரியமங்கலத்துப் பட்டறையில் நின்ற அந்தப் பழைய வேனை ஹபீபுல்லா முகம் சுளித்துப் பார்த்தார். எவனோ பின்பக்கக் கூரையை அறுத்தெடுத்துவிட்டு, வேனைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். போதாக்குறைக்குப் பக்கவாட்டில் வரிசையாகக் கலர் பல்புகள்.

“இவ்வளவு தாழ எதுக்கு இறக்குனீங்க?”

“தெருவுல கேபிள் வயர் தொங்குது, பாய். போன வருசம் அவங்க தலையில தட்டிருச்சு,” என்றான் டோனி. முப்பது வயது, மினுமினுக்கும் சட்டை.

“இறங்கி நடந்து வரச் சொல்ல வேண்டியதுதானே?”

“அவங்களா? நல்லாச் சொன்னீங்க!” என்று டோனி சிரித்தான்.

சிரிப்பு பிடிக்காவிட்டாலும், கேட்டதற்கு விடை சொல்லாமலிருக்க ஹபீபுல்லாவின் தொழில்புத்தி விடவில்லை. “பழைய பட்டை ஸ்பிரிங்கே இருந்தா பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போடும். ஏர் பலூன் போட்டா மெத்தை மாதிரி போகும். ஏத்தி இறக்கவும் செய்யலாம். சரி, கியர்பாக்ஸும் மாத்தணும்னீங்களே, அது ஏன்?”

“ஆட்டோமேட்டிக் வேணும், பாய். விடிய விடிய, மனுசன் நடக்கிற வேகத்துலதான் போவோம். முன்னாடி பேண்டு, பின்னாடி கூட்டம். போன தடவ பாதி வழியிலயே கிளட்ச் கருகிப் போச்சு.”

“விடிய விடிய நின்னுக்கிட்டா வருவாங்க?”

“உக்காரவே மாட்டாங்க. புதுப் பட்டுச்சேலை கட்டி, ஆறு பேர் தூக்கி மேல நிறுத்திருவோம். அப்புறம் வீட்டுக்கு வீடு நிறுத்தி, சேலையில நோட்டுக் குத்துவாங்க பாருங்க!” பெருமை பொங்கச் சொன்னான்.

ஹபீபுல்லாவின் கைபட்ட வண்டி எதுவும் பின்கதவில் பட்டறையின் பெயரை எழுதாமல் வெளியே போனதில்லை. அடுத்த மாதம் மகள் ஆஃப்ரினுக்கு நிக்காஹ். இந்த அசிங்கம் அவர் பெயரைச் சுமந்துகொண்டு சம்பந்தி வீட்டு வாசல் வழியே ஊர்ந்து போனால் என்னவாகும்?

கையிலிருந்த ஸ்பேனரைத் தட்டில் எறிந்தார். “வண்டிய எடுங்க, தம்பி.”

“என்ன பாய், திடீர்னு? நாள் நெருங்கிருச்சு. வேற யாரும் இந்த வேலைய எடுக்க மாட்டேங்கிறாங்க.”

“எப்படி எடுப்பான்? அவனும் புள்ளகுட்டிக்காரன்தானே! ஒரு பொம்பளைய அலங்காரம் பண்ணி, ஆறு தடியனுங்க தூக்கி நிறுத்தி, போறவன் வர்றவனெல்லாம் மேல நோட்டுக் குத்தி... த்தூ! இதச் சொல்ல உங்களுக்கு நாக்கு கூசல?”

ஹபீபுல்லா விடவில்லை.

“அந்தப் பொண்ணப் பெத்தவங்க இதுக்கு எப்படித்தான் சம்மதிச்சாங்க?”

டோனி திருதிருவென விழித்தான்.

“பெத்தவங்களா? எங்க மாதா சொரூபத்துக்கா, பாய்?”