வலைக்குவியல்

“ஏளா, இன்னிக்குச் சோறு பொங்குவியா, இல்ல இந்த வலையையே குழம்பு வச்சிருவியா?”

புருஷன் சிலுவை கேட்டது பிலோமினாவின் காதில் ஏறவே இல்லை. புன்னைக்காயல் கரையில், படகு நிழலில் உட்கார்ந்து, அவனுடைய வலைக்குவியலை ஒரு கண்ணி விடாமல் வரைந்துகொண்டிருந்தாள்.

“இந்த மஞ்ச மிதவையில ஒரு கீறல் இருக்கு, பாத்தீங்களா?”

“வருஷக்கணக்கா இந்த வலையோடதான் மல்லுக்கட்டுதேன், எங்கண்ணுல படலியே!”

சனிக்கிழமை தூத்துக்குடியில் ஓவியக் கண்காட்சி. தினமும் புழங்கும் ஒரு பொருளை, அது கிடக்கிற இடத்திலேயே பார்த்து வரைய வேண்டும். போட்டோ பார்த்து வரைந்தால் சேர்க்க மாட்டார்கள். நாற்பத்தாறு வயதில் பிலோமினாவுக்கு இதுதான் முதல் கண்காட்சி.

திங்கட்கிழமையே கேட்டுப் பார்த்தாள். “நாலு நாளைக்கு இந்த வலைய யாரும் தொடக்கூடாது.”

“நல்லாருக்கே! அப்போ மீனக் கையாலயா பிடிக்கச் சொல்லுத?” என்று சிலுவை எரிந்து விழுந்தான். அவள் பிரஷ்களைக் கழுவி எடுத்து வைத்துவிட்டாள். பாவம், முகமே செத்துப்போயிற்று.

மறுநாள் விடியலில் படகு கிளம்பவில்லை.

“எஞ்சின் பிளக் போயிட்டு. டவுன்லயும் இல்லங்கான்” என்று சிலுவை தலையில் அடித்துக்கொண்டான்.

நாலு நாளும் மற்ற படகுக்காரர்கள் சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்தார்கள். சிலுவை மட்டும் கரையில் உட்கார்ந்து பெண்டாட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிலோமினா பிரஷைக் கீழே வைத்தாள்.

“முடிஞ்சிட்டு. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி ஏத்தணும். எஞ்சினப் படுக்க வச்சாள்லா!”

“புருஷன் தொழில் படுத்ததுக்கு மெழுகுதிரியா? நல்லா வாய்ச்சா எனக்கு!”

சிரித்துக்கொண்டே படத்தை அவன் பக்கம் திருப்பினாள். கயிறு, முடிச்சு, மிதவையின் கீறல், எல்லாம் அச்சு அசல். பெருமையில் சிலுவைக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஏ ஆத்தி! தொட்டா உப்பு ஒட்டும் போலிருக்கே!”

“இடது பக்கம், கீழ பாருங்க.”

பார்த்தான். கண்ணிகளுக்கு அடியில், வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு, அவனுடைய எஞ்சின் பிளக் சமர்த்தாகப் படுத்திருந்தது.

“யாரும் தொடமாட்டாவன்னுதான அங்கன ஒளிச்சு வச்சீங்க?” என்று அவன் தோளில் சாய்ந்தாள் பிலோமினா. “தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன், பாக்கமாட்டேன்னா சொன்னேன்? மொத நாளே, அதத்தான் மொதல்ல வரைஞ்சேன்!”