இடிமுழக்கம்

முதல்வர் வகுப்புக்குள் காலை வைத்ததும், மாணவர்கள் அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்றார்கள்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. கல்லூரி முதல்வரைப் பார்த்தா உஷ்?

பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் பொருளாதாரப் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் இடிமுழக்கம். அவர் வாயைத் திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டு வரை கேட்கும். ஆனால் இன்று வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் முதல்வருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை.

"என்ன சார், ரகசியம் பேசறீங்களா? என்ன பாடம்?"

"கல்லூரிப் படிப்பால நாட்டுக்கு என்ன வருமானம்னு..." கிசுகிசுத்தார் இடிமுழக்கம்.

"நல்ல வருமானம்! அங்க பாருங்க!"

கடைசி பெஞ்சில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ப் பணத்துல காலேஜ் நடத்துறோம். தூங்கறதுக்கு வீடு இல்லையா? நானே எழுப்பி வெளிய அனுப்பறேன்!"

முதல்வரின் புது ஷூ கிறீச் கிறீச்சென்று கிளம்பியது. இடிமுழக்கம் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம் சார். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை. நோயாளிங்களைத் துடைச்சு, படுக்கை மாத்தி, விடிஞ்சதும் நேரா இங்க வர்றாங்க. டிகிரி முடிச்சா அங்கயே ஆபீஸ் வேலை தர்றதா சொல்லியிருக்காங்க."

"அப்ப வீட்டுக்குப் போய்த் தூங்கட்டுமே?"

"வருகை குறைஞ்சா பரீட்சை எழுத முடியாதே. நீங்க போட்ட சட்டம்தானே சார்?"

முதல்வர் மறுபடி பேசியபோது குரல் தானாகவே தணிந்திருந்தது.

"சரி... பாடம்?"

"மத்தியானம் கேன்டீன்ல இந்தப் பசங்கதான் அந்த அம்மாவுக்கு முறை வெச்சு சொல்லித்தர்றாங்க. முன்னெல்லாம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இப்ப கிசுகிசுத்தாலும் ஒரு வார்த்தை விடறதில்ல. அக்காவுக்குச் சொல்லணுமே!"

முதல்வர் வாசல் பக்கம் திரும்பினார்.

வராந்தாவில் பியூன் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "சார், உங்களுக்கு போன்..."

கழற்றிய ஷூக்களை ஒரு கையில் பிடித்திருந்த முதல்வர், மறு கை விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ்!"