காகத்துக்கு ஒரு கடலை

ஒரு காட்டில் அணில் ஒன்று தேன் கடை வைத்திருந்தது. ஒரு குடுவைத் தேனுக்கு விலை பத்துக் கடலை. வாங்க வருகிறவர்கள் கடலையைச் சுமந்து வர வேண்டியதில்லை. காகமே அவர்கள் வளைக்குப் பறந்து போய் எடுத்து வந்து கடையில் கொடுக்கும். பத்துக்கு ஒன்றைத் தன் கூலியாகத் தின்றுவிடும். தன் குட்டிகளுக்கு மிச்சமே இல்லாமல் போனதும் அணில், தேன் வாங்க வந்த முயலிடம் வாய்விட்டுச் சொன்னது:

“முயலம்மா, காகத்தை அனுப்பினால் பதினொன்று. நீங்களே கொண்டுவந்தால் பத்துதான்.”

“குட்டிக்கு இருமல் என்று ஓடி வந்தால் என்னிடமே பிடுங்குகிறாயா? எதிர்க்கடை ஓணான் இப்படிக் கேட்பதில்லை.”

“அவன் எல்லாரிடமும் பன்னிரண்டு வாங்குகிறானே, அம்மா.”

“வாங்கட்டும். காகத்துக்கென்று தனியாக வாங்குவதில்லையே.”

கிளையில் காகம் அலகைத் துடைத்துக்கொண்டது. “நான் உங்களிடம் என்றைக்காவது ஒரு கடலை கேட்டிருக்கிறேனா, முயலம்மா?”

“நீ பாவம், பறந்து பறந்து உழைக்கிறாய்” என்று சொல்லிவிட்டு முயல் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

கடை காலியாகிவிடும் என்று பயந்த அணில், மறுநாள் எல்லாருக்கும் விலையைப் பன்னிரண்டாக்கியது. முயல் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தது. அதன் பின்னால், காகமே வேண்டாமென்று கன்னம் புடைக்கக் கடலையைத் தானே சுமந்து வந்த எலியும் அதே பன்னிரண்டை எண்ணி வைத்தது.