பிரிக்காத பண்டல்

கணேசன் பண்டலைப் பிரிக்கவே இல்லை.

பத்து பண்டல், பண்டலுக்கு இருபது, மொத்தம் இருநூறு டிராக் பேண்ட். கோயமுத்தூரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிற மனிதர். மலையேறி எங்கள் ஊரான கட்டபெட்டு வரைக்கும் வந்தவர், மேலே இருந்த பண்டலை இரண்டு தட்டு தட்டிவிட்டு வேனில் ஏற்றச் சொன்னார்.

தேயிலை விலை விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. இலை விற்ற காசு பறிக்கிற கூலிக்கே காணவில்லை. இலைச் சாக்கு அடுக்கி வைத்திருந்த கொட்டகையைக் காலி பண்ணி மூன்று தையல் மெஷின் போட்டோம். நான், என் மனைவி சாந்தாமணி, சேரம்பாடி எஸ்டேட் வேலையை விட்டு வந்த ஜெஸிந்தா.

இதுதான் முதல் பெரிய ஆர்டர். அடுத்த வாரம் மாவட்டப் போட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நன்றாக அமைந்தால் வருடம் முழுக்கக் கணேசனுக்குத் தைக்கலாம். அமையாவிட்டால் மெஷினை விற்றுவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

"பிரிச்சுப் பாத்துருங்க," என்றேன்.

"எதுக்குங்க கதிர்? உங்க மேல நம்பிக்கைதான்."

நம்பிக்கை என்று ஒருவன் சொன்னால் நாங்கள் உடனே தராசு முள்ளைப் பார்ப்போம். இருபது வருடம் ஃபேக்டரிக்கு இலை போட்ட புத்தி.

இங்கே பார்க்காமல் கொண்டுபோய், அங்கே தானே நாலைக் கிழித்துவிட்டு என் தலையில் கட்டுவாரோ? வேன் டிரைவரைப் பார்த்தேன். அவன் முழியும் சரியில்லை. கணேசன் சாந்தாமணி கொடுத்த டீயை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். சரக்கு எடுக்க வந்த இடத்தில் இத்தனை நிம்மதியாக டீ குடிக்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

ஒன்றையாவது பிரித்துப் பாருங்கள் என்று மறுபடி கெஞ்சினேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

நான் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பண்டலுக்கு இரண்டு வீதம், இருபது பேண்ட்டை நானே வேண்டுமென்று மோசமாகத் தைத்துச் சேர்த்திருந்தேன்.

ஃபேக்டரியில் இலை எடை போடும்போது, ஈரம் என்று சொல்லி நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிப்பார்கள். வெயிலில் பறித்த இலைக்கும் கழிப்பார்கள். அதனால் கழிவுக்கென்றே பத்து கிலோ முற்றல் இலையை அள்ளிப் போட்டுவிடுவோம். அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கணேசனும் எப்படியும் பத்துக்கு ஒன்று கழிப்பார், நல்லது போவதற்குப் பதில் இது போகட்டும் என்று நினைத்தேன். மிச்சம் விழுந்த மட்டத் துணி, பின்பக்கம் ஒற்றைத் தையல். குனிந்தாலே பிரிந்துவிடும்.

இப்போது அந்த இருபதும் மைதானத்துக்குப் போகப்போகிறது. இருபது பிள்ளைகள், ஊரே பார்க்க. ஒவ்வொரு இடுப்பிலும் எங்கள் லேபிள்.

வேன் கதவைச் சாத்தினார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஆளிடம் ஏதோ திட்டம் இருக்கிறது என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

சாந்தாமணி போய் வேனுக்குக் குறுக்கே நின்றாள்.

"இருபது மோசமுங்க. நீங்க எப்படியும் கழிப்பீங்கன்னு இவரே வேணும்னு சேத்து வெச்சுட்டாருங்க."

கணேசனுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கோபப்படவில்லை. பத்து பண்டலையும் இறக்கச் சொன்னார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேண்ட்டாக எடுத்துப் பின் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

முதல் பண்டலில் இரண்டு கிழிந்தன. அடுத்ததில் இரண்டு. மூன்றாவதிலும் நான் வைத்தபடியே இரண்டு.

நான்காவதில் மூன்று.

அவசரத்தில் ஒன்றைக் கூட வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். ஏழாவதிலும் மூன்று. கடைசிப் பண்டலிலும் மூன்று. மொத்தம் இருபத்து மூன்று.

கூடுதலாக வந்த மூன்றும் நல்ல துணி. இரட்டைத் தையல். சரியாக இருக்கிறது என்று மடித்து வைத்தவை.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. புதிதாக வந்தவள், எஸ்டேட்டில் கொழுந்து பறித்த கை, வேறு யார்? மூன்றையும் பொறுக்கி ஜெஸிந்தாவின் முன்னால் போட்டேன்.

அவள் ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பி, தையல் முடிகிற இடத்தை எனக்குக் காட்டினாள். நூல் முனையில், இலைச் சாக்கின் வாயைக் கட்டுகிற முடிச்சு. அந்தக் கொட்டகையில் நூலுக்கு அந்த முடிச்சுப் போடுகிறவன் நான் ஒருவன்தான்.

கணேசன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நூத்தி எழுவத்தேழ எடுத்துக்கறனுங்க. மீதி வெள்ளிக்கெழமைக்குள்ள வந்துரோணும். இந்த மூணத் தைச்சவர மட்டும் இனி மெசின்ல உக்கார வெக்காதீங்க."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சாந்தாமணியிடம் சொன்னார்.

இன்று எங்கள் கம்பெனியில் நானூறு பேர் தைக்கிறார்கள். கல்லூரிகளில் கூப்பிட்டு வளர்ந்த கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். உழைப்பு, பொறுமை என்று எதையாவது சொல்லிவிட்டு வருகிறேன். யாரையும் நம்பாத ஆள் என்று சாந்தாமணி என்னைச் செக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறாள். மெஷினைத் தொட மட்டும் இன்றுவரை விடவில்லை.